உஷார்! எல்லை தாண்டினால் காணாமல் போகும் ரத்தப் புற்றுநோய்க் கணக்கு

பெங்களூருவின் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது ஓசூர் ரோட்டில். நிம்ஹான்ஸும் அதே ரோடுதான். செயின்ட் ஜான்ஸ் கொஞ்சம் தள்ளி. பொம்மசந்திராவில் நாராயணா. ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி கடந்துவிட்டால் வரிசையாக ஆஸ்பத்திரிகள். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 300 கிலோமீட்டருக்கும் மேல். உடம்புக்கு முடியாத ஆளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எந்தப் பக்கம் பஸ் ஏறும் என்று கேட்கவே வேண்டாம்.

போகட்டும், பிழைக்கத்தானே போகிறார்கள். ஆனால் அப்படிப் போகிற ஒவ்வொரு ரத்தப் புற்றுநோயாளியும் எந்த ஊர்க் கணக்கில் எழுதப்படுகிறார்? சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு வருடம் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர் என்பதை யாராவது எழுதிக்கொள்கிறார்களா? ஓசூர், சூளகிரி, பர்கூர், கிருஷ்ணகிரி மக்கள் பதற வேண்டிய இடம் இதுதான். நோய் கூடுகிறதா, குறைகிறதா, எந்த வகை அதிகம், எந்தத் தொழில்காரருக்கு அதிகம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் அளவுக்கு இந்த எல்லைப் பகுதிக்கான கணக்கு சாமானியர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. அந்த வெற்றிடத்தில் இரண்டு பொய்கள் குடியேறுகின்றன. 'ஓசூரில் வீட்டுக்கு வீடு கேன்சர்' என்ற வாட்ஸ்அப் பொய் ஒன்று. 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்ற ஆபீஸ் பொய் இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஆபத்தானது. முதலாவதை யாராவது மறுப்பார்கள். இரண்டாவதை மறுக்க ஆதாரம் கேட்பார்கள், ஆதாரமோ எழுதப்படாமலே போயிருக்கும்.

எண்ணும் ஏற்பாடே நாட்டில் இல்லை என்று சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜனவரி முதல் சென்னை, பெங்களூரு, மும்பை மூன்றிலும் மக்கள்தொகைப் பதிவேடுகள் ஓடுகின்றன. சென்னையில் அந்த வேலை அடையாறு புற்றுநோய் நிறுவனத்திடம், பெங்களூருவில் கிட்வாயிடம். தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டையும் 2012 முதல் அடையாறுதான் ஒருங்கிணைக்கிறது. இந்தத் தகவலையெல்லாம் வாங்கி அலசும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய மையமும் பெங்களூருவில்தான் இருக்கிறது. ஆக, நம் ஊருக்கு இரண்டு பக்கமும் எண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டை நடுவில்.

அந்த ஓட்டையைப் புரிந்துகொள்ள, பதிவேட்டில் இரண்டு ஜாதி உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மக்கள்தொகைப் பதிவேடு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் குடியிருப்போரில் எத்தனை பேருக்குப் புது நோய் என்று பார்க்கும். அங்கே குடியிருப்பவர் என்றால் குறைந்தது ஒரு வருடமாவது அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஓசூரிலிருந்து போனவர் பெங்களூரு நகரக் கணக்கில் சேரமாட்டார், சேரவும் கூடாது. அவர் சேர வேண்டிய இடம் தமிழ்நாட்டுக் கணக்கு. ஆனால் நோய் கண்டறிந்த சீட்டு கர்நாடகத்து ஆஸ்பத்திரி அலமாரியில் கிடக்கிறது. யாராவது முகவரியைப் பார்த்து, பிரித்து, இந்தப் பக்கம் தகவலைக் கடத்தினால்தான் உண்டு. அவசரத்தில் பெங்களூருவில் இருக்கும் மச்சான் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால் அதுவும் போச்சு. அப்படிக் கொடுப்பவர்கள் ஏராளம். உள்ளூர் முகவரி இருந்தால் கவனிப்பு சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

இன்னொரு ஜாதி மருத்துவமனைப் பதிவேடு. வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணும். 'எங்களிடம் வந்த புற்றுநோயாளிகளில் ரத்தப் புற்றுநோய் நூற்றுக்கு இத்தனை' என்று அது சொல்லும். இதை ஊர் நிலவரமாக எடுத்துக்கொள்வதில்தான் பெரிய மோசம் நடக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று வசதியுள்ள ஆஸ்பத்திரியில் லுக்கீமியாக்காரர்கள் குவிவார்கள். கதிர்வீச்சு மெஷின் மட்டும் உள்ள இடத்தில் வாய்ப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும்தான் தெரியும். இரண்டிலும் விகிதம் வேறு, ஊர் அதே ஊர். போதாக்குறைக்கு, ஓசூர் லேபில் ஒரு பெயர், பெங்களூருவில் ஒரு பெயர், சந்தேகத்துக்கு வேலூர் சி.எம்.சி. போய் அங்கே ஒரு பெயர் என்று ஒரே ஆள் மூன்று இடத்தில் பதிவாகலாம். மூன்றையும் ஒட்டிப் பார்க்காவிட்டால் மூன்று நோயாளிகள்.

இத்தனை குறை இருந்தும் மருத்துவமனைப் பதிவேட்டை உதறிவிட முடியாது. வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றை முகாம் போட்டுப் பரிசோதிக்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள், நல்ல விஷயம். ரத்தப் புற்றுநோய்க்கு அப்படி ஊரையே வரிசையில் நிறுத்திப் பார்க்கும் சோதனை கிடையாது. ஆள் நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதுதான் தெரியும். அந்த வாசலில் எழுதுகிற எழுத்துதான் நமக்குக் கிடைக்கிற முதல் தடயம்.

அந்த எழுத்து எப்படி இருக்கிறது? 'ரத்தப் புற்றுநோய்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரு பெரிய கூட்டம். எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் லுக்கீமியாக்கள், அதிலேயே திடீரென்று தாக்குவது, மெதுவாக வளர்வது என்று பிரிவுகள். நெறிக்கட்டிகளில் தொடங்கும் லிம்போமா, அதில் ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது. முதுகெலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் மைலோமா. உலக நோய்ப் பட்டியலில் இந்தக் கூட்டத்துக்கு சி81 முதல் சி96 வரை எண்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு, பிழைக்கும் வாய்ப்பு வேறு. இதில் சி95 என்று ஒரு எண் இருக்கிறது: வகை தெரியாத லுக்கீமியா. முழுச் சோதனைக்குக் காசில்லாதவர், ரிசல்ட் வரும் முன்பே ஊருக்குப் போனவர், முதல் வாரத்திலேயே இறந்துபோனவர் எல்லாம் இந்த மாதிரி எண்களில்தான் போய் விழுகிறார்கள். இறப்புச் சான்றிதழில் அதுகூட இருக்காது. 'மாரடைப்பு' என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

நாடு தழுவிய கணக்கு ஒன்று 2021-ல் வந்தது. 2012 முதல் 2019 வரை 96 மருத்துவமனைகளில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட புற்றுநோயாளிகள் பதிவானார்கள், அதில் 6.10 லட்சம் பேரின் விவரத்தை ஐ.சி.எம்.ஆர். அலசியது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வந்த புற்றுநோயில் ஏறத்தாழ பாதி லுக்கீமியா. பெற்றவர்கள் இந்த ஒரு வரியையாவது மனதில் வைக்க வேண்டும். பெரியவர்களிடம் இந்திய ஆஸ்பத்திரிகள் பல காலமாகப் பார்த்துவரும் இன்னொரு போக்கு உண்டு. மேற்கு நாடுகளில் வயதானவர்களுக்கு அதிகம் வரும் நாட்பட்ட லிம்ஃபாய்டு வகை இங்கே குறைவு. நாட்பட்ட மைலாய்டு வகையான சி.எம்.எல். இங்கே கண்ணுக்கு அதிகம் படுகிறது, அதுவும் முப்பது நாற்பது வயதில், அதாவது ஷிப்டுக்குப் போகிற வயதில். மேற்கில் அது அறுபதைத் தாண்டியவர் நோய்.

இப்போது வேலைக்கு வருவோம். துருக்கியில் இஸ்தான்புல் நகரத்தில் முஸாஃபர் அக்சோய் என்ற ரத்த நோய் மருத்துவர் இருந்தார். தன்னிடம் வந்த லுக்கீமியாக்காரர்களிடம் அவர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டார்: என்ன வேலை? ஆள் மாற்றி ஆள் செருப்பு, ஷூ, கைப்பை தைக்கிறவர்களாக வந்தார்கள். காற்றோட்டமில்லாத சின்னப் பட்டறைகளில் பென்சீன் கலந்த மலிவுப் பசையோடு வருடக்கணக்கில் இருந்தவர்கள். 1967 முதல் 1973 வரை 26 நோயாளிகள். அந்தத் தொழிலில் இருந்தவர்கள் 28,500 பேர். வகுத்துப் பார்த்தால் லட்சம் பேருக்கு வருடத்துக்கு 13 வந்தது, பொதுமக்களிடம் 6. 1974-ல் அவர் அதை வெளியிட்டார். பென்சீன் பசை விலக்கப்பட்ட பிறகு நோயாளிகள் வரத்து குறைந்ததையும் அவரே எழுதிவைத்தார். பெரிய ஆராய்ச்சிக் கூடம் எதுவும் இல்லாமல், நோயாளிச் சீட்டில் தொழில் என்ற இடத்தை ஒழுங்காக நிரப்பியதில் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

நம் ஊர்ச் சீட்டில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று உங்கள் வீட்டு ஃபைலையே எடுத்துப் பாருங்கள். 'கூலி'. இல்லாவிட்டால் 'பிரைவேட்'. பெயின்ட் தெளிப்பவரும் பிரைவேட், கணக்கு எழுதுபவரும் பிரைவேட். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்சோய் வந்தாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ரப்பர் உற்பத்தித் தொழில் ஆகியவற்றை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதியாகப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயோடு மூன்றுக்கும் தொடர்பு உண்டு. பெரிய கம்பெனிகளில் பூத், எக்ஸாஸ்ட், சேஃப்டி ஆபீசர் என்று ஒரு கட்டுப்பாடு இருக்கும். பயம் அவர்களுக்குக் கீழே, அவர்களுக்குக் கீழே, மூன்றாம் நான்காம் படியில் வேலை எடுக்கும் சின்ன ஷெட்களில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பெயின்ட் அடிப்பார்கள், தூசி படாமலிருக்க. கேனில் லேபிள் இல்லாத தின்னர், கிலோ கணக்கில் வாங்கியது. டோலுயீனும் சைலீனும் இருக்கலாம், மட்டமான சரக்கில் பென்சீனும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வாங்கியவருக்கே தெரியாது. ஷிப்ட் முடிந்ததும் அதே தின்னரில் கந்தலை நனைத்துக் கையைத் துடைப்பார்கள். டூ-வீலர் பட்டறைகளில் கிரீஸ் போகப் பெட்ரோலில் கை கழுவுவதும், டியூப் போட்டு வாயால் பெட்ரோல் இழுப்பதும் இன்றும் நடக்கிறது. பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம் என்று நம் நாட்டுத் தரமே அனுமதிக்கிறது. முகத்தில் கட்டும் கர்சீப்பும் துணி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் தடுக்கும், அதுவும் காலத்துக்கு மாற்றினால்.

இது இன்றைக்கு முகர்ந்து நாளைக்கு வருகிற நோயும் கிடையாது. மஜ்ஜை சேதமாகி லுக்கீமியா தலைகாட்டச் சில வருடங்கள் ஆகலாம், பத்துப் பதினைந்தும் ஆகலாம். அதற்குள் கான்ட்ராக்டர் மாறியிருப்பார், ஷெட்டே இருக்காது, ஆள் ஒடிசாவிலோ பீகாரிலோ சொந்த ஊரில் படுத்திருப்பார். ஓசூரில் மூச்சில் ஏறிய விஷம் பாலசோரில் வெறும் எண்ணாகப் பதிவாகும். 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே பென்சீன் விஷத்தை அறிவித்தே ஆக வேண்டிய நோய்களில் சேர்த்து, பார்த்த மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது. சட்டம் எழுதியவர்களுக்கு எழுபத்தைந்து வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் நோயாளியிடம் என்ன வேலை என்று கேட்காத மருத்துவர் என்னவென்று எழுதுவார்?

தோட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. தளி, பாகலூர், பேரிகை வட்டாரத்து ரோஜா பாலிஹவுஸ்களில் மூடிய கூரைக்குள் மருந்தடிக்கிறார்கள். சில பூச்சிமருந்துகளுக்கும் லிம்போமாவுக்கும் தொடர்பு இருக்கிறது. லிண்டேனை 2015-ல் முதல் பட்டியலிலேயே சேர்த்தார்கள், இந்தியாவில் அது இப்போது தடை. மற்றவை ஒவ்வொன்றிலும் ஆதாரத்தின் பலம் வேறு வேறு. அடித்த உடனே உள்ளே போய்ப் பூ பறிக்காதீர்கள் என்பதற்கு அவ்வளவு ஆதாரமும் தேவையில்லை.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் 'இதனால்தான் கேன்சர்' என்று ஒரு பேச்சு கிளம்பும். பெங்களூருவின் கழிவுநீரும் சோப்புக் கழிவும் தென்பெண்ணையில் இறங்கி வருவது பெரிய அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நுரையையும் ரத்தப் புற்றுநோயையும் நேராக முடிச்சுப் போட நம்மிடம் ஆதாரம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற நுரையைப் பார்த்துப் பயப்படுகிற ஊர், கண்ணுக்குத் தெரியாத தின்னர் ஆவியோடு பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான் என்று யாராலும் கைகாட்ட முடிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தால் உடனே கம்பெனி மேல் பழி போட வேண்டாம். வேலையை எழுதிவையுங்கள், அது போதும்.

நோய் வருகிற வழியிலும் உஷாராக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. மழைக்காலத்தில் காய்ச்சல், பிளேட்லெட் குறைவு என்றால் ஓசூரில் எல்லோருக்கும் டெங்குதான். பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொடுத்து ஒரு வாரம் ஓட்டிவிடுவார்கள். டெங்குவில் பிளேட்லெட் இறங்கினால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் ஏறிவிட வேண்டும். ஏறவில்லை, கூடவே ஹீமோகுளோபினும் இறங்குகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது, முழங்காலுக்குக் கீழே கொசு கடித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள், அழுத்தினால் மறையவில்லை என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சி.பி.சி. என்கிற ரத்த எண்ணிக்கைச் சோதனையை எந்தச் சின்ன லேபிலும் எடுக்கலாம், சில நூறு ரூபாய். மெஷின் கொடுக்கிற காகிதத்தோடு விட்டுவிடாதீர்கள். ஸ்மியர் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடித் துண்டில் ரத்தத்தை இழுத்து ஒரு மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பது அது. புற்று அணுக்களை மெஷின் சாதாரண வெள்ளை அணுவாக எண்ணிவிடுவது உண்டு.

கழுத்தில் வலிக்காத கட்டி என்றால் டி.பி. என்று ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுகிற வழக்கம் நம் நாடு முழுக்க இருக்கிறது. டி.பி. அதிகமுள்ள நாடு, அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் லிம்போமாவும் அதே மாதிரிதான் வரும்: கட்டி, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு. ஊசி குத்தி எடுக்கும் சோதனை மட்டும் பல நேரம் போதாது. கட்டியை முழுதாக எடுத்து பயாப்சி செய்தால்தான் லிம்போமாவின் வகை தெரியும். மருந்து சாப்பிட்டும் கட்டி வளர்ந்தால் ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருக்காதீர்கள். மைலோமா சிறுநீரகத்தைக் கெடுக்கும், வலி மாத்திரை அதைச் சீக்கிரப்படுத்தும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது ஸ்டீராய்டு. தீராத காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் சில கிளினிக்குகளில் டெக்சா ஊசி, பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். மறுநாளே பிள்ளை எழுந்து ஓடும். லிம்போமாவுக்கும் பிள்ளைகளுக்கு வரும் லுக்கீமியாவுக்கும் ஸ்டீராய்டே ஒரு மருந்து. அரைகுறையாகக் கொடுத்தால் நோய் கொஞ்ச நாள் பதுங்கும், பயாப்சியில் பிடிபடாமல் நழுவும், திரும்பி வரும்போது சிகிச்சை கடினமாகும். மூட்டுவலி, விட்டு விட்டுக் காய்ச்சல், வெளுத்த முகம் இருக்கிற பிள்ளைக்கு சி.பி.சி.யும் ஸ்மியரும் பார்க்காமல் ஸ்டீராய்டு போட விடாதீர்கள்.

சி.எம்.எல். பற்றி ஒரு நல்ல செய்தியும் அதோடு ஒட்டிய ஆபத்தும் உண்டு. இடது விலாவுக்குக் கீழே கனம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்புவது, ரிப்போர்ட்டில் வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டுவது என்று அது வரும். 2001-ல் வந்த இமாடினிப் மாத்திரை அந்த நோயின் தலையெழுத்தையே மாற்றியது. நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்ததால், இந்தியக் கம்பெனிகளின் மலிவு மாத்திரைக்கு வந்த மிரட்டல் விலகியது. தினமும் விழுங்கினால் ஷிப்டுக்கே போகலாம். அதுதான் ஆபத்தும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துகிறவர்கள், ஊருக்குப் போனபோது தீர்ந்துவிட்டது என்று இரண்டு மாதம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் மருந்தை எதிர்க்கப் பழகி, அந்த மாத்திரைக்கே அடங்காமல் திரும்பும்.

கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெங்களூருவில் கிட்வாய் இருக்கிறது, சென்னையில் அடையாறு இருக்கிறது. பின்கோடு 635 என்று தொடங்கும் ஒவ்வொரு ரத்தப் புற்றுநோயாளியின் விவரத்தையும் மூன்று பேரும் மாதத்துக்கு ஒரு தரம் பகிர்ந்துகொள்ள ஒரு கம்ப்யூட்டரும் ஓர் ஆளும் போதும். சிப்காட்டுக்காக ஆயிரம் ஏக்கர் எடுக்க முடிகிற அரசுக்கு இது முடியாதா?

அதுவரை நோயாளி வீட்டார்தான் எழுதவைக்க வேண்டும். ஓ.பி. சீட்டு போடும்போதே இப்போது குடியிருக்கும் முகவரி, எத்தனை வருடமாக என்று சொல்லுங்கள். தொழில் என்ற இடத்தில் 'பெயின்ட் ஸ்பிரே, 8 வருடம்', 'ரப்பர் மோல்டிங், 5 வருடம்', 'பாலிஹவுஸில் மருந்தடிப்பு' என்று எழுதக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது வர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் கான்ட்ராக்டர் மாறினாலும் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள், புதுசாகப் போட விடாதீர்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்கால உதவி கிடைக்கும், சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. எண் மாறினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், பெங்களூரு ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஊருக்கே திரும்புவதாக முடிவு செய்தால், ரயிலேறும் முன் ரிப்போர்ட் காகிதத்தோடு ஸ்மியர் கண்ணாடியையும், பயாப்சி செய்திருந்தால் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் டாக்டர் மறுபடி கட்டியை வெட்டாமல், மஜ்ஜையைக் குத்தாமல், அதை வைத்தே வகையைச் சொல்ல முடியும்.